தாண்டூர் கல்குழியில் பதினைந்தாவது கட்டம்

சங்கராந்தி விடுமுறையின் முதல் சனிக்கிழமை தாண்டூருக்குப் போய்வந்தோம். முன்பு போன்கிர் கோட்டையைப் பற்றி எழுதியதுபோல வண்டி, செலவு, சாப்பாடு என்று எழுதிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் போன இடத்தில் அக்காவின் கால் உடைந்தது. எப்படி உடைந்தது என்று வீட்டில் சொன்னது ஒன்று, நடந்தது வேறு. விடிந்ததும் நான் வாயைத் திறக்காவிட்டால், இதில் ஒரு சம்பந்தமும் இல்லாத ஓர் அம்மாவுக்கு வேலை போய்விடும். திறந்தால் அக்காவின் ஆராய்ச்சி போய்விடும். பயத்தில் தூக்கம் வரவில்லை. போர்வைக்குள் போன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் ஒன்பதாம் வகுப்பு. செகந்திராபாத் மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸ். தாத்தா காலத்தில் அரக்கோணத்திலிருந்து வந்த குடும்பம். அப்பாவும் ரயில்வேதான், சிக்னல் பிரிவு. அக்கா கயலுக்கு இருபத்து நாலு வயது, நிலவியலில் ஆராய்ச்சி செய்கிறாள். என் வகுப்பில் யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால்தான் பெயர் போடாமல் இங்கே எழுதுவது எனக்குப் பத்திரம்.

ஹைதராபாத்தில் இருப்பவர்கள் தாண்டூருக்குப் போகாவிட்டாலும் தாண்டூர் மேல்தான் நடக்கிறார்கள். எங்கள் வீட்டுத் தரை, சமையல் மேடை, பள்ளிக்கூட வராந்தா எல்லாம் அந்தக் கல். நீலமாகவும் மஞ்சளாகவும், பலகை பலகையாகப் பெயர்ந்து வரும். அது கடலடியில் படிந்த சுண்ணாம்பு. அந்தக் கடல் இருந்த காலத்தில் மீன் இல்லை, நண்டு இல்லை, சிப்பி இல்லை. கண் என்கிற உறுப்பே உலகத்தில் எந்த உயிருக்கும் வந்திருக்கவில்லை என்று அக்கா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். அவளுக்கு அது ஒரு தகவல். எனக்கு அன்றிலிருந்து வெறுங்காலோடு தரையில் நடந்தால் ஒரு மாதிரி இருக்கும். அலை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, அதைப் பார்க்க ஒரு கண்கூட இல்லை.

கடல் விலங்குகளில் எந்தக் காலத்தில் எத்தனை வகை இருந்தன என்று காட்டும் ஒரு வரைபடம் உண்டு. கோடு வெகுகாலம் தரையோடு தரையாகக் கிடக்கும். சுமார் ஐம்பத்து நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன் சட்டென்று எழும்பும். பிறகு பெரிய அழிவுகளில் விழுந்து விழுந்து மேலே ஏறும். கோடு தரையில் கிடந்தபோது கடலில் உண்மையிலேயே ஒன்றும் இல்லையா, அல்லது நாம்தான் சரியாகத் தேடவில்லையா என்பதுதான் அக்காவின் கேள்வி. ஓடு, எலும்பு இல்லாத உடம்பு கல்லில் பதிவது அபூர்வம். பழைய கல்லில் பெரும்பகுதி அழிந்தும் போய்விட்டது. அதிகமாகக் கல்லைப் புரட்டிய காலத்தில் அதிக வகைகள் கிடைக்கும், யாரும் எட்டிப்பார்க்காத காலம் வெறுமையாகத் தெரியும். ஆகவே "இவ்வளவு கிடைத்தது" என்று மட்டும் சொன்னால் போதாது. "இவ்வளவு இடத்தில் பார்த்தேன், ஒன்றும் இல்லை" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை எழுதும்போது எளிதாகத் தெரிகிறது. அன்று அது எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள்.

காலை ஏழு மணி வாக்கில் செகந்திராபாத்தில் ஏறினோம். தாண்டூர் நூற்றுப் பதினைந்து கிலோமீட்டருக்குப் பக்கம், இரண்டேகால் மணி நேரம் ஆனது. பொதுப் பெட்டியில் ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய். லிங்கம்பள்ளி தாண்டினால் உட்கார இடம் கிடைக்கும். விகாராபாத் வரும்போது இடது பக்கம் உட்காருங்கள், மலையும் சிவப்பு மண்ணும் தெரியும். அதற்கப்புறம் மண் கறுப்பாகிவிடும், துவரைக் காடு ஆரம்பிக்கும். அம்மா புளிசாதம் கட்டிக் கொடுத்திருந்தாள். ரோட்டோரப் பாறையைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று அக்கா வீட்டில் சொல்லியிருந்தாள். குழிக்குள் இறங்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. அவள் ஆராய்ச்சியில் மீதமிருந்ததோ மூன்று குழிகள்தான்.

"அப்பா கேட்டா?" என்றேன் வண்டியில்.

"கேட்டா பாறைன்னு சொல்லு. குழில இருக்கறதும் பாறைதானே."

"எனக்கு பயமா இருக்கு கயல்."

"உனக்கு மிக்ஸி சத்தம் கேட்டாலே பயம். புளிசாதத்த எடு."

ஸ்டேஷன் வாசலில் யாதகிரி என்கிற ஆட்டோக்காரர் கிடைத்தார். போக, காத்திருக்க, வர எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய், குழி ஒன்பது கிலோமீட்டர். தெலுங்கில் பேசிக்கொண்டே வந்தார். "படிச்ச பொண்ணுங்க எல்லாம் ஏசி ரூம்ல உக்காருது. நீங்க கல்லு பொறுக்க வந்திருக்கீங்க?" என்றார்.

"உங்க ஊர் கல்லுக்கு அவ்ளோ மவுசு அண்ணா," என்றாள் அக்கா.

"மவுசு இருந்தா நான் ஏம்மா ஆட்டோ ஓட்டறேன்?" என்று சிரித்தவர், இறக்கிவிடும்போது சிரிக்காமல் சொன்னார்: "தண்ணி நிக்கிற பக்கம் மட்டும் போவாதீங்க. எவ்ளோ ஆழம்னு வெட்டினவனுக்கே தெரியாது."

குழி என்றதும் கிணறு மாதிரி நினைக்காதீர்கள். எங்கள் பள்ளி மைதானத்தைப் போல நாலு மடங்கு. ஓரமெல்லாம் படி படியாக வெட்டிய கல் சுவர். ஒரு மூலையில் பச்சைத் தண்ணீர், அசைவே இல்லாமல். எதிர் மூலையில் கல் அறுக்கும் இயந்திரம் காதைக் கிழித்தது. நடுவில் உடைந்த பலகைகளை மலை மாதிரி குவித்திருந்தார்கள். விலை போகாத கல் எல்லாம் அங்கேதான் கொட்டப்படும். மேற்பார்வை பார்க்கும் ஷபீர் பாய்க்கு அக்காவை முன்பே தெரியும். "வண்டி வர்ற வழியில நிக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இயந்திரத்தின் பக்கம் போய்விட்டார். உள்ளே இறங்கியதுமே போனில் சிக்னல் போய்விட்டது.

கல்லை எடுத்த பிறகு குழியின் தரையில் மெல்லிய களிக்கல் அடுக்கு மிச்சமிருக்கும். அதில்தான் அக்காவுக்கு வேலை. கறுப்பு வட்டங்கள், மிளகைத் தட்டி ஒட்டவைத்த மாதிரி இருக்கும். விலங்கு இல்லை, பாசி போன்ற ஏதோ ஒன்று என்கிறார்கள். ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்த உயிர்களில் மிகப் பழையவற்றில் அதுவும் ஒன்று. விலங்குகள் வருவதற்கு முன் அந்தக் கடலில் என்ன இருந்தது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

வேலை செய்யும் முறை இது. குழிக்குக் குறுக்கே நேராக ஒரு கயிறு. கயிற்றில் ஐந்து மீட்டருக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு மீட்டர்ச் சதுரச் சட்டத்தை வைக்க வேண்டும். அப்பா பிளாஸ்டிக் குழாயில் செய்து கொடுத்த சட்டம். உள்ளே இருப்பதை எண்ணி, சாக்பீஸில் எண் போட வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம், வெறும் கட்டம் என்று அர்த்தம். பக்கத்திலேயே அழகான கல் கிடந்தாலும் சட்டத்தை ஒரு விரல்கூட நகர்த்தக் கூடாது.

"இங்க பாரு, ரெண்டடி தள்ளி அஞ்சாறு இருக்கு," என்று நான் காட்டினேன்.

"நக்கோ, வேணாம். இருக்கற எடமா பாத்துப் பாத்து வச்சா, கடல் முழுக்க அதுதான் இருந்துச்சுன்னு ஆயிடும். கட்டம் எங்க விழுதோ அங்கதான்."

அக்கா முன்னால் சட்டத்தை வைத்து எண்ணிக்கொண்டே போனாள். நான் பின்னால் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். என் போனில் கேமரா சரியில்லை, அதனால் அவள் போன் என் கையில் இருந்தது. பதினாலு கட்டத்தில் ஒன்பதில் வட்டம் போட்டிருந்தாள். கிடைத்ததெல்லாம் அதே மிளகு வட்டம், வேறு வகையே இல்லை. பன்னிரண்டாவது கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பலகையில் அச்சு அசலாகப் பெரணிச் செடி! கிளை, கிளைக்குள் கிளை. கத்தினேன். அக்கா திரும்பிப் பார்த்துவிட்டு, "அது உயிரே இல்ல, லூசு. மாங்கனீஸ் கறை. விரிசல்ல தண்ணி ஊறி வரைஞ்சது. ஊர்ல பாதிப் பேர் இதுக்குத்தான் ஏமாறுவாங்க," என்றாள். நீங்களும் ஏமாறாதீர்கள். ஆனால் அழகாக இருந்ததால் நான் அதையே படம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நிமிர்ந்தபோது அக்கா இல்லை.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. அங்கே கழிப்பறை கிடையாது, மறைவிடம் தேடிப் போயிருப்பாள் என்று நினைத்தேன். பெண்கள் போவதாக இருந்தால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் ஆனது. இன்னும் பத்து. கூப்பிட்டேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவ்வளவு இயந்திரச் சத்தம். அவளுக்குப் போன் செய்யலாம் என்று கையைத் தூக்கினேன், கையில் இருந்ததே அவள் போன்தான், சிக்னலும் இல்லை. அப்போது தண்ணீரில் அக்காவின் நீலத் தொப்பி மிதப்பதைப் பார்த்தேன்.

இயந்திரத்தின் பக்கம் எப்படி ஓடினேன் என்று தெரியாது. தெலுங்கு, ஹிந்தி, தமிழ் எல்லாம் கலந்து ஏதோ உளறினேன். ஷபீர் பாய் தொப்பியைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். ஏழெட்டுப் பேர் கயிறும் மூங்கிலுமாகத் தண்ணீருக்கு ஓடினார்கள். ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்தார். மேலே வந்து, இல்லை என்று தலையாட்டினார். மறுபடி மூழ்கினார். "போன வருஷமும் இங்கதான்," என்று யாரோ தெலுங்கில் சொல்ல, இன்னொருவர் என்னைக் காட்டி அவரை அடக்கினார். எனக்குத் தெலுங்கு தெரியும் என்று அவருக்குத் தெரியாது. மூங்கில் உள்ளே போகப் போக, பச்சைத் தண்ணீர் ஒன்றுமே நடக்காத மாதிரி மூடிக்கொண்டது. அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று நினைத்தேன். புளிசாத டப்பாவை எடுத்துக்கொண்டு நான் மட்டும் எப்படி வண்டி ஏறுவேன் என்று நினைத்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த இடத்துக்கு எதிரே கயிறு தெரிந்தது. பதினாலு எண்களும் அதன் ஓரமாக வரிசையாக இருந்தன. தண்ணீர் கயிற்றிலிருந்து வெகுதூரம். இவர்கள் எல்லோரும் எப்போதும் ஆள் விழும் இடத்தில் தேடுகிறார்கள். ஆனால் அக்கா கட்டத்தை ஒரு விரல் நகர்த்தாதவள். தொப்பியைக் காற்று கொண்டுபோயிருக்கும். பதினைந்தாவது முடிச்சு எங்கே விழுகிறது? கயிற்றைக் கண்ணால் பின்பற்றினேன். அது உடைந்த பலகைக் குவியலின் மேலேறி அந்தப் பக்கம் இறங்கியது.

"உதர் நை, இதர்!" அங்கே இல்லை, இங்கே என்று கத்திக்கொண்டே ஓடினேன். குவியலைச் சுற்றி வந்ததும் சத்தம் கேட்டது. கரகரத்துப்போன சின்னச் சத்தம்.

அக்கா கவிழ்ந்து கிடந்தாள். தலைமுடி, இமை எல்லாம் வெள்ளைத் தூள். முழங்காலுக்குக் கீழே பலகைகள். கை மட்டும் சட்டத்தைப் பிடித்திருந்தது.

"எங்கடி போன? எவ்ளோ நேரமா கத்தறேன்!" என்றாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "நீ எங்க போன!" என்று நானும் கத்தினேன்.

முடிச்சு விழுந்த இடம் குவியலின் அடிவாரம். வேறு யாராக இருந்தாலும் சுற்றிக்கொண்டு போய் அடுத்த முடிச்சில் வைத்திருப்பார்கள். இவள் தரையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடியிலிருந்து பலகைகளை ஒவ்வொன்றாக உருவியிருக்கிறாள். மேலே இருந்தது சரிந்துவிட்டது.

கல் எடுப்பவர்கள் மேலிருந்துதான் தூக்கினார்கள். ஒரு பலகையை இருவர் பிடிக்க, மூன்றாவது ஆள் அடியில் கல்லை முட்டுக் கொடுத்தார். ஒருவரும் அவசரப்படவில்லை. நான்தான் ஒவ்வொரு பலகைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "இத்தா ஜகா ஹை, இதரிச் கைக்கு ஆயே மா?" என்று ஷபீர் பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். இவ்வளவு இடம் கிடக்கிறது, இங்கேயேதான் ஏன் வந்தாய் அம்மா என்று. காலை வெளியே எடுத்தபோது அது இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சட்டத்துக்குள் தரை தெரிந்தது. சாம்பல் நிறக் களிக்கல், ஒரு புள்ளிகூட இல்லை.

"வெறும் கட்டம்," என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு. "பதினஞ்சு. படம் எடு."

எடுத்தேன். படம் மங்கலாக இருக்கிறது.

தாண்டூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். யாதகிரி தெரிந்த ஒருவரின் காரைப் பிடித்துக் கொடுத்தார். சங்கர்பள்ளி தாண்டும்போது அக்கா அப்பாவுக்குப் போன் செய்து, வண்டி மாற இறங்கிய ஒரு ஸ்டேஷனில் ஈரப் படிக்கட்டில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். அந்த ஸ்டேஷன் பெயரை இங்கே எழுத மாட்டேன், பாவம், அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னும் ரெண்டே குழி. தெரிஞ்சா அப்பா விட மாட்டாரு. ப்ளீஸ் டீ." வலியில் அவள் உதடு வெளுத்திருந்தது. சரி என்றேன்.

அம்மாவுக்கு முதல் நாளே சந்தேகம். செகந்திராபாத் ஆஸ்பத்திரியில் அக்காவின் தலையைத் துடைத்துவிட்டு, துணியைப் பார்த்து, "படிக்கட்டுல விழுந்தவ தலையில எப்படிடி இவ்ளோ மாவு?" என்றாள். நான் பாத்ரூமுக்குப் போய்விட்டேன். அறுவை சிகிச்சை செய்து, காலுக்குள் கம்பி வைத்து, ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆனால் அப்பாவை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. வேறு வீடாக இருந்தால் படிக்கட்டு என்றதும் விஷயம் முடிந்திருக்கும். எங்கள் அப்பாவுக்கு அது அவர் வீட்டுப் படிக்கட்டு மாதிரி. தன் ரயில்வேயிலேயே தன் பெண்ணின் கால் உடைந்ததை அவரால் தாங்க முடியவில்லை. அந்த ஸ்டேஷனில் தெரிந்தவர்களிடம் விசாரித்து, அன்று படிக்கட்டைக் கழுவியது யார் என்று கண்டுபிடித்துவிட்டார். ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஒரு பெண். இன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்: "ஈரம்னு ஒரு போர்டு வைக்கத் தெரியாதா? காண்ட்ராக்டர்ட்ட பேசிட்டேன், அந்தம்மாவ நிறுத்திடறேன்னுட்டாரு. நாளைக்கு டியூட்டிக்குப் போற வழியில புகார்ல ஒரு கையெழுத்து, அவ்ளோதான்."

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நான் மோரைக் கொட்டிவிட்டேன்.

இனி போகிறவர்களுக்கு. வேலை நடக்கும் குழிக்குள் இறங்க முறையான அனுமதி வேண்டும், தலைக்கவசமும் தடித்த செருப்பும் வேண்டும். எங்களிடம் மூன்றும் இல்லை. வெறுமனே பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இறங்கவே வேண்டாம், ஊருக்குள் பாலிஷ் போடும் இடங்களில் பலகைகளை வெளியே அடுக்கி வைத்திருப்பார்கள், கேட்டால் காட்டுவார்கள். கறுப்பு வட்டம் வேண்டுமானால் கண்ணாடி வில்லை எடுத்துப்போங்கள், பெரணி தெரிந்தால் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். மார்ச்சுக்கு மேல் வெயில் தாங்காது. திரும்பும் வண்டிகள் சாயங்காலம் கூட்டமாக வரும், மூன்று மணிக்குள் கிளம்பிவிடுவது நல்லது. இரண்டு பேர் போனால் இரண்டு போன், ஆளுக்கு ஒன்று அவரவர் பையில். அடுக்கியிருக்கும் கல்லில் கை வைக்காதீர்கள். கட்டம் அதன் அடியில் விழுந்தால், 'பார்க்க முடியவில்லை' என்று எழுதலாம் என்று அக்காவின் புத்தகத்திலேயே இருக்கிறது. 'பார்த்தேன், இல்லை' என்பது ஒன்று, 'பார்க்கவில்லை' என்பது வேறு. இரண்டையும் நேர்மையாக எழுதினாலே கணக்கு சரியாக வருமாம். நேற்று அவளே படித்துக் காட்டினாள், தன் காலைப் பார்த்துக்கொண்டே. முக்கியமாக, எந்தக் குழி என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். ரோட்டோரப் பாறை என்று சொல்லியிருந்தோம், அன்று நான் அந்தக் கயிற்றைக் கவனிக்காமல் இருந்திருந்தால் எங்கள் வீட்டிலிருந்து யாரும் அந்தக் குழிக்கு வந்திருக்கவே மாட்டார்கள்.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து அக்கா கூப்பிட்டாள். தூங்கவில்லை போலிருக்கிறது.

"எழுதிட்டியா?"

"ம்."

"அப்பாட்ட சொல்லப் போறியா?"

"ஹவ். சொல்லத்தான் போறேன்."

கட்டில் கம்பியை நகத்தால் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தம்மா பேர் என்னன்னு அப்பா சொன்னாரா?" என்று கேட்டாள். சொல்லவில்லை என்றேன்.

"சரி. சொல்லு. ஆனா அழாம சொல்லு. நீ அழுதா அம்மா அந்தக் குழிய இன்னும் ரெண்டு மடங்கு ஆழமா நெனச்சுப்பா."

"நீயும் வாயேன்."

"எந்திரிச்சு நடக்க முடிஞ்சா நானே போயிருக்க மாட்டேனா? கதவத் திறந்து வை. நான் இங்கேர்ந்தே கத்தறேன்."

விடியப்போகிறது, சமையலறையில் விளக்கு எரிகிறது. அப்பா டீக்குத் தண்ணீர் வைக்கிறார். குழியில்கூட இவ்வளவு பயந்தேனா என்று தெரியவில்லை. இதைப் பதிவேற்றிவிட்டுப் போகிறேன். போய் என்னால் பேச முடியாவிட்டால், போனையே அவர் கையில் கொடுத்துவிடுவேன்.

கதவைத் திறந்து வைத்துவிட்டேன்.